உயிரோடு இருப்பது எது என்று சொன்னவள்

அவளைப் பார்த்து "எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். அப்பாவுக்கு முட்டி தேவலை, ஆனால் கண்ணைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அம்மாவுக்குச் சர்க்கரை காலையில் சரியாக இருக்கிறது, சாயங்காலம் இல்லை. தம்பி நன்றாக இருக்கிறான், ஆனால் தான் நன்றாக இருப்பதாக அவன் நினைக்கவில்லை. இப்படி ஒவ்வொருவராக, அந்த ஒவ்வொருவரிலும் பகுதி பகுதியாகச் சொல்லி முடித்துவிட்டு, "நீங்க எப்படிக் கீறீங்க மாமா?" என்பாள். இருக்கிறேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எது இருக்கிறது, எது இல்லை என்று கேட்பாள். எனக்கோ முதுகு, மூட்டு, மலச்சிக்கல், மின்சாரம் போய்ப் போய் வருவது, படகு நேரத்துக்கு வராதது என்று சொல்வதற்கு ஏராளம் உண்டு. கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா? எங்கள் இரண்டு பேர் பேச்சையும் கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல் மற்றவர்கள் நகர்ந்துவிடுவார்கள்.

என் காலஞ்சென்ற மனைவியின் தம்பி மகள் அவள். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் குப்பத்தில் என் வீட்டிலிருந்து நான்காவது வீடு. உயரம். காய்ந்த முடி. மூக்குக் கண்ணாடி சரிந்தால் விரலால் தள்ளமாட்டாள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவிலுள்ள இடத்தால் தள்ளுவாள். நாளெல்லாம் கையுறை போட்டு வேலை செய்கிறவர்களுக்கு வரும் பழக்கம் என்று பிறகு தெரிந்தது. லீவுக்கு வந்து மீன் ஆயும்போதும், கோயிலில் விபூதி வாங்கும்போதும் அப்படித்தான். முதலில் பார்க்கிறவர்கள் அவள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள் என்று நினைப்பார்கள். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

சென்னையில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. மூளையில் வரும் கட்டிகளைப் பற்றி. கட்டியைப் பற்றிக்கூட இல்லை. கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் மயிரிழை போன்ற குழாய்களைப் பற்றி. குழாய்களைப் பற்றிக்கூட இல்லை, அந்தக் குழாய்களை வெளியிலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கும் செல்களைப் பற்றி. இப்படித்தான் அவளே சொன்னாள், ஒவ்வொன்றாக விலக்கி விலக்கி. கேட்டுக்கொண்டிருந்த அவள் அப்பா, "அவ்ளோ பெரிய தலையில உனக்குக் கெடச்சது அதானா?" என்றார்.

அவருக்கு மகள்மேல் அந்தக் குறை பழையது. சிறுமியாக இருந்தபோது வலையில் வந்ததைப் பிரிக்க உட்காரவைப்பார்கள். இறாலும் நண்டும் மடவையும் கெளுத்தியும் எல்லோரும் பிரிப்பார்கள். மிஞ்சுவதைக் கழிசல் என்று ஒரே குவியலாகத் தள்ளுவார்கள். கோழித் தீவனத்துக்குப் போவது அது. அவள் அந்தக் குவியலைப் பிரிக்க உட்காருவாள். விரல் நீளக் குஞ்சு, முள் தடித்தது, வயிறு வெள்ளி, வயிறு மஞ்சள் என்று சாக்கில் வரிசை வைப்பாள். டெம்போக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பான். கழிசல்தானே என்று அம்மா அதட்டினால், "கழிசல்னு ஒரு மீன் கெடையாது" என்பாள். முதுகில் ஓர் அறை விழும். வாங்கிக்கொண்டு, கையிலிருப்பதை அதன் வரிசையில் வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

என் மகன் சேகருக்கு அவளைக் கேட்டோம். அத்தை மகனுக்கு மாமன் மகள், கேட்காமல் இருக்க முடியாது. அவன் ஏரியில் படகு ஓட்டுகிறவன், அவள் அப்போது மேல்படிப்பில் இருந்தாள். வேண்டாம் என்றாள். என் மனைவி உயிரோடு இருந்த காலம், கொஞ்சம் கோபித்துக்கொண்டாள். அதற்கு அந்தப் பெண் சொன்ன பதில் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. "கல்யாணம் வேணான்றது வேற, இந்த ஊரு வேணான்றது வேற, மச்சான் வேணான்றது வேற. நீங்க மூணையும் ஒண்ணா கேட்டீங்க அத்த. அதான் வேணான்னேன்." மூன்றையும் தனித்தனியாகக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சேகர் மட்டும் சிரித்தான். அடுத்த தை மாதம் சுண்ணாம்புக்குளத்திலிருந்து தேவி மருமகளாக வந்தாள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மீன்வளத் துறையில் கணக்கெடுப்பு வேலை பார்த்தவன். கரைக்கு எத்தனை படகு, எத்தனை கூடை, அதில் எத்தனை இறால் என்று எண்ணி மேலே அனுப்புவது. வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது, எண்ணுவதிலிருந்து கிடைக்கவில்லை. ஏரியைப் படகில் கடந்து பழவேற்காடு கரைக்குப் போகும்போதெல்லாம் வலை கட்ட நட்ட கழிகளை எண்ணுவேன். ஒருநாள் அவளும் அதே படகில் வந்தாள். முகத்துவாரம் தூர்ந்துபோய் ஏரியில் தண்ணீர் இறங்கிக் கிடந்தது. நூற்று நாற்பத்தேழு என்றேன். அவள் ஒரு கழியைக் காட்டினாள். அது வலையைத் தாங்குகிறது. பக்கத்திலிருப்பது வலையைத் தாங்கவில்லை, இந்த எல்லை என்னுடையது என்று சொல்ல நட்டது. அதற்கு அப்பால் சாய்ந்திருப்பது போன வருஷத்தது, பிடுங்க மறந்தது. நீர்க்காகம் உட்கார்ந்திருந்த ஒன்றைக் காட்டி, அது எதற்கு நட்டதென்று நட்டவனுக்கே தெரியாது என்றாள்.

"தூரத்துலேர்ந்து பாத்தா எல்லாம் கழி. எங்க ஆளுங்களும் ரொம்ப வருஷம் அப்படித்தான் எண்ணிட்டிருந்தாங்க மாமா. கொழாயப் புடிச்சிக்கினு இருந்தா ஒரே பேரு. உள்ள போயி ஒண்ணொண்ணா பாத்தாத்தான் தெரியுது, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேல செய்யுது."

எனக்குக் கோபம் வந்தது. நாற்பது வருஷம் எண்ணியவனிடம் எண்ணியது தப்பு என்றால் யாருக்குத்தான் வராது? ஆனால் அன்று திரும்பி வரும்போது என்னால் அந்தக் கழிகளை ஒரே எண்ணாகக் கூட்ட முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை.

சேகருக்கு முதலில் பெயர்கள் போயின. வலையில் இறாலைப் பார்த்துக்கொண்டே, "இது இன்னாது, இத்த இன்னா சொல்வோம்?" என்று கேட்டான். விளையாடுகிறான் என்று கூடப் போனவர்கள் சிரித்திருக்கிறார்கள். பிறகு நன்றாகத் தெரிந்த வாய்க்காலை விட்டுப் படகைச் சேற்றில் ஏற்றினான். காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. வாடைக்காற்று என்றார்கள், கண்ணேறு என்றார்கள், நான் கண்ணாடி போடச் சொன்னேன். வலது கையில் முடிச்சுப் போட முடியாமல் இடது கையால் போட்டுக்கொண்டிருந்ததைத் தேவிதான் பார்த்தாள். சென்னைக்குப் போனோம். படம் எடுத்தார்கள். இடது பக்கம் கட்டி, பொல்லாத வகை, எடுக்க வேண்டும், எடுத்தாலும் திரும்ப வரும் என்றார்கள்.

அவள் மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சேகரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எடுக்கும் கட்டியில் ஒரு துண்டை எங்கள் கூடத்துக்குத் தருகிறாயா என்று அவனையே கேட்டாள். என்னைக் கேட்கவில்லை, தேவியைக் கேட்கவில்லை. கொடுப்பதால் உனக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னாள். சேகர், "எடுத்துக்க. வேணும்னா முழுசா எடுத்துக்க, நான் இன்னாத்துக்கு வெச்சிக்கினு" என்றான். பெயர்கள் போய்க்கொண்டிருந்தாலும் கிண்டல் போகவில்லை. கையெழுத்துப் போட்டான். இடது கையால்.

அறுவை முடிந்து அவன் கண் திறந்து பேசினான். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ரத்தம் போவதை நிறுத்தினால் கட்டி பட்டினியில் செத்துவிடும், அப்படி ஒரு மருந்து இருக்கிறது என்று பக்கத்துக் கட்டில்காரரின் மருமகன் சொல்லியிருந்தான். மருந்தகத்துக்கு வெளியே டீக்கடையில் அவளைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். குழாயைக் கட்டிப்பிடித்திருக்கும் அந்தச் செல்களையெல்லாம் ஒழித்துவிட்டால் குழாய் விழுந்துவிடாதா, கட்டி செத்துவிடாதா என்று. அவள் டீயைக் கீழே வைத்தாள். சேகரின் கட்டியில் இதுவரை நான்கு வகை பார்த்திருப்பதாகச் சொன்னாள். ஒரு வகை குழாயை இறுக்கிப் பிடிக்கிறது, அதனால் கொடுக்கிற மருந்து உள்ளே போவதில்லை. ஒரு வகை குழாய் உடைந்து கசியாமல் காக்கிறது. ஒரு வகை உடம்பின் காவல்காரச் செல்களை வராதே என்று திருப்பி அனுப்புகிறது. நான்காவது எதற்கு என்று தெரியவில்லை. அது மச்சானுடைய செல்லா, கட்டியே வேஷம் போட்டு வந்து உட்கார்ந்ததா என்பதுகூட இன்னும் தெரியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒழித்தால் குழாய் கசியும், மூளை வீங்கும், கட்டி ரத்தம் தேடி வேறு பக்கம் ஓடும்.

"அப்ப கெட்டத மட்டும் எடு."

"அதுக்குத்தான் பிரிச்சிப் பாக்கறோம்."

"மருந்து இருக்குதா?"

"இல்ல."

"வருமா?"

"வரலாம். மச்சானுக்கு வராது மாமா."

டீக்கடையில் அவ்வளவு பேர் நடுவில் சொன்னாள். குரலை இறக்கவுமில்லை, ஏற்றவுமில்லை. கண்ணாடியை முன்கையால் தள்ளிக்கொண்டாள். வேறு யாராக இருந்தாலும் பார்க்கலாம் என்றிருப்பார்கள், கடவுள் இருக்கிறார் என்றிருப்பார்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் ஓட்டியிருப்பேன். அவளோடு இரண்டு வாரம் பேசவில்லை. அவள் தினமும் வந்தாள். நான் பேசாததைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. சேகருக்கு அவள் வருவது பிடிக்கும். அவளிடம் மட்டும்தான் அவன் பயமாக இருக்கிறது என்று சொன்னான். எதற்குப் பயம் என்று கேட்டாளாம். சாவதற்கா, வலிக்குமோ என்றா, குழந்தையை நினைத்தா? அவன் யோசித்து, வலிக்குத்தான் என்றிருக்கிறான். வலிக்கு மருந்து இருக்கிறது, அது நிச்சயம் என்று சொன்னாளாம். அன்று அவன் தூங்கினான். இதைத் தேவி சொல்லி எனக்குத் தெரியும்.

தேவியிடம்தான் அவள் ஒரே ஒரு தடவை பிரிக்காமல் பேசினாள்.

சேகருக்குக் கதிர்வீச்சு வைத்துக்கொண்டிருந்த நாட்கள். வெளியே காத்திருந்து காத்திருந்து தேவி சோர்ந்துபோயிருந்தாள். அவள் தேவியைத் தன் கூடத்துக்குக் கூட்டிப்போய், ஒரு சிறிய தட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினாள். உன் வீட்டுக்காரர் கொடுத்தது, பார் என்றிருக்கிறாள். தேவி பார்த்தாள். ஏரிச் சேற்றில் தண்ணீர் வடியும்போது கிளை கிளையாகக் கோடு விழுமே, அந்த மாதிரி இருந்தது என்று என்னிடம் சொன்னாள். சிலது நகர்ந்ததாம். தேவி கேட்டாள், "அக்கா, இது உயிரோடவா கீது?" அவள், "இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான். எது இருக்கிறது, எது இல்லை என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். தேவியின் முகத்தைப் பார்த்திருப்பாள். அன்றைக்கு அவளுக்கும் அசதியாக இருந்திருக்கும். வாழ்நாளெல்லாம் பிரித்தவள் ஒரு வார்த்தையைப் பிரிக்காமல் விட்டாள். அந்த வார்த்தையைத் தேவி பத்திரமாக எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தாள்.

கட்டி திரும்ப வந்தது. சொன்னதுபோலவே வந்தது, சொன்னதைவிடச் சீக்கிரமாக வந்தது. சேகர் வீட்டில்தான் போனான். குழந்தையின் பெயரையும் கடைசியில் மறந்துவிட்டான், ஆனால் குழந்தையை மறக்கவில்லை. என்னை நைனா என்று கூப்பிடுவது மட்டும் இருந்தது. தேவியையும் நைனா என்றான், மாத்திரை கொடுத்தவளையும் நைனா என்றான்.

கருமாதி அன்று காலை பெண்கள் எல்லாம் கூடி, தாலி வாங்குவதற்காக, கழுத்திலிருந்து அதைக் கழற்றிவிட, தேவியைத் தண்ணீர்க்கரைக்குக் கூப்பிட்டார்கள். அவள் வரமாட்டேன் என்றாள். அழுது பிடிவாதம் பிடிக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, நிதானமாக, அவர் சென்னையில் இருக்கிறார், நான் என் கண்ணால் பார்த்தேன், அக்காவும் உயிரோடு இருக்கிறது என்று சொன்னாள், இருக்கிறவருக்கு எப்படித் தாலி வாங்குவது என்று கேட்டாள். சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்த அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பைத்தியம் என்றார்கள். ஆனால் அவள் பேசியதில் பைத்தியம் எதுவும் இல்லை. பார்த்ததைச் சொன்னாள், கேட்டதைச் சொன்னாள்.

விஷயம் வீட்டோடு நின்றிருந்தால் போயிருக்கும். அடுத்த வாரமே பாடு குலுக்கும் நாள் வந்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் சிலதான். அங்கே யார் எப்போது வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைக்கிறோம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனுக்கும் ஒரு சீட்டு. படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் சீட்டு உண்டு, அவனுக்குப் பதில் வேறு ஆள் வலை கட்டி, அந்த வீட்டுக்குப் பங்கு கொடுப்பான். செத்தால் சீட்டு இல்லை. மகன் இருந்தால் அவன் கல்யாணத்தோடு மறுபடி வரும். சேகருக்கு இருப்பது மகள். நான் அரசாங்க உத்தியோகம் என்பதால் என் சீட்டு முன்பே போய்விட்டது. சேகர் பெயர் சீட்டிலிருந்து போனால் எங்கள் வீட்டுக்கு ஏரியில் ஒன்றும் இல்லை. தேவி கூலிக்கு இறால் உரிக்கப் போக வேண்டும், அல்லது குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். அவள் போனால் பேத்தியும் போவாள். எனக்கு இருப்பது அந்த இரண்டு பேர்.

தேவி கூட்டத்துக்கு ஆள் அனுப்பினாள். அவர் சீட்டைப் போடுங்கள், அவர் உயிரோடு இருக்கிறார் என்று.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. சேகரோடு சின்ன வயதில் சண்டை போட்ட ஒருவன், "டப்பாவுல கீறவனுக்குப் பாடு வுட்டா வலைய யாரு கட்றது, டப்பாவா?" என்றான். ஆனால் ஊர்ப் பெரியவர் சிரிக்கவில்லை. அவர் ஊர் வழக்கத்தைச் சொன்னார். மூன்று வருஷம் நினைவே இல்லாமல் கிடந்த ஒருவனுக்கு இந்த ஊர் சீட்டுப் போட்டிருக்கிறது. அவன் வலை கட்டினானா? அவன் பேசினானா? மூச்சு இருந்தது, போட்டோம். "உசிரு எங்க கீதுன்னு நமக்கு இன்னாத்துக்கு? கீதா இல்லையான்றதுதான் கேள்வி. பாத்துக்கினு கீற பொண்ணு நம்ம ஊருப் பொண்ணுதான? வரச் சொல்லு. அது சொல்றதை எழுதிக்கலாம்."

யாரும் எதிர்பார்க்காத தீர்ப்பு. அவள் வந்து ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை, தேவியிடம் சொன்ன அதே வார்த்தைதான்.

அவளைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் வரும்வரை குலுக்கலை நிறுத்திவைத்தார்கள். ஊரில் இறங்கியதும் முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தாள். நான் கெஞ்சவில்லை. வந்து உட்கார்ந்ததும் காபி கொடுத்து, தேவியை நினைத்துப் பேசு என்று மட்டும் சொன்னேன். "தேவிய நெனச்சித்தான் பேசணும் மாமா" என்றாள். அதற்கு எந்தப் பக்கமும் அர்த்தம் கொள்ளலாம். நான் எனக்கு வேண்டிய பக்கம் எடுத்துக்கொண்டேன்.

கோயிலுக்கு முன்னால் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் அந்தப் பக்கம் ஐஸ் பெட்டிகளை ஒட்டி நின்றார்கள், தேவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். பெரியவர் கேட்டார், "ஏம்மா, சேகரு உன்கிட்ட உசிரோட கீறானா?"

அவள் பெரியவரைப் பார்க்கவில்லை, தேவியைப் பார்த்துப் பேசினாள்.

"மச்சான் குடுத்ததுல ரெண்டு வளந்துது. ஒண்ணு கட்டி. இன்னொண்ணு, கட்டிக்குள்ள இருந்த ரத்தக் கொழாயக் கட்டிப் புடிச்சிக்கினு இருந்தது. அது மச்சானோடது. அம்மா வயித்துலேர்ந்து கூட வந்தது. தேவி, உனக்கு நான் காட்டுனது அதத்தான். அன்னிக்கு இருந்துது. நான் இருக்குன்னு சொன்னது தப்பில்ல, ஆனா பாதிதான் சொன்னேன். அது கொஞ்ச தடவதான் பெருகும். அப்பறம் நின்னுரும். இன்னா குடுத்தாலும் பெருகாது. மச்சான் போறதுக்கு முன்னாடியே நின்னுபோச்சு."

பெரியவர், "அப்ப இப்ப ஒண்ணும் இல்லன்றியா?" என்றார்.

"இருக்கு. கட்டி இருக்கு. அது நிக்காது."

"எம்மா நாளு இருக்கும்?"

"நாங்க அதுக்குத் தீனி ஊத்தற வரைக்கும். யாருனா ஊத்திக்கினே இருந்தா, நம்ம எல்லாருக்கும் அப்பறமும்."

கிண்டல் செய்தவன்கூடத் தலை குனிந்துகொண்டான். பெரியவர் சீட்டுப் பானையைப் பக்கத்தில் இழுத்து, சேகர் பெயரை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு அடுத்த பெயரைப் படிக்கச் சொன்னார். எங்கள் ஊரில் அதன் பிறகு எண்பத்தொன்பது பேர். நான் எண்ணினேன், வேறு என்ன செய்வது?

அவளைப் பலர் ஏசினார்கள். படிச்ச திமிரு என்றார்கள். அன்று வேண்டாம் என்றவள்தானே, தேவி மேல் வஞ்சம் என்றுகூட ஒருத்தி சொன்னாள். அவள் அப்பா அவளோடு பேசாமல் வலையைத் தூக்கிக்கொண்டு போனார். நானும் ஏச வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். தேவியும் அவளும் என் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். தேவி, "அத்த ஊத்திருங்கக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "அவரு போயி, அவரக் கொன்னது இருக்கக் கூடாது. கீழ ஊத்திருங்க."

அவள் அதையும் பிரித்தாள். என் கையில் இருப்பதை ஊற்றலாம், கொடுத்தவர் வீட்டில் வேண்டாம் என்றால் ஊற்றித்தான் ஆக வேண்டும். ஊற்றினால் அந்தக் கட்டியை வைத்து நான்காவது வகையைத் தேடிக்கொண்டிருந்தது அத்தோடு நின்றுபோகும். என் மூன்று வருஷ வேலையில் அது ஒரு பகுதி. வேறு ஊர்க் கூடங்களுக்கு முன்பே அனுப்பியது இருக்கிறது, அதன்மேல் எனக்கு அதிகாரம் இல்லை. தேவி எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "ஊத்திருங்க" என்றாள்.

அவள் அடுத்த படகில் போய்விட்டாள். படகுக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் நின்றேன். ஏச வந்தது மறந்துவிட்டது. அந்த நான்காவது வகை என்ன என்று தெரிந்ததா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு அவளை இரண்டு தடவைதான் பார்த்தேன். இப்போது வடக்கே எங்கோ ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளைப் பரிசோதிக்கிறாள். கூடத்தில் பணம் நின்றுவிட்டதாம். அவள் பிரித்த வகைகளை மற்றவர்கள் இன்னும் பிரித்து, எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதாம். மருந்து வந்ததா என்றால் வரவில்லை. அவள் பேச்சில் வருத்தம் இருந்ததா என்று கேட்டால், எதைப் பற்றிய வருத்தம் என்று நானே இப்போது திருப்பிக் கேட்கிறேன். அந்தத் தொற்று எனக்கும் வந்துவிட்டது.

அன்று படகேறிப் போனவள் நாலாம் நாள் காலையில் போன் செய்தாள். "மாமா, என்கிட்ட இருந்தத ஊத்திட்டேன். மருந்து போட்டு, செத்துதான்னு பாத்துட்டுதான் ஊத்துனேன். வெளிய போனதுங்க இருக்கு. அந்தக் கூடத்துக்காரங்க கிட்ட எழுதிக் கேட்டுருக்கேன், ஊத்துவாங்கன்னு சொல்ல முடியாது." தேவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து, "அக்காவா?" என்றாள். போனை அவளிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து நெடுநேரம் பேச்சு வந்துகொண்டிருந்தது. முடிந்ததும் தேவி போனை என் கையில் கொடுத்தாள். முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். மாராப்புக்குள்ளிருந்து தாலிச் சரட்டை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஏரிப் பக்கமா, கடல் பக்கமா மாமா, எங்க வெச்சி வாங்குவாங்க?"